நீரோட்டம் பார்ப்பதைச் சோதிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்தால் ஊருக்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வரும். அதற்கு முன்பே, நிலத்தடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேங்காயையும் கவைக்குச்சியையும் வைத்துச் சொல்லும் நீரோட்டம் பார்ப்பவர் வந்துவிடுவார். அறிவியல் எது, போலி அறிவியல் எது என்று பழகிக்கொள்ள இதைவிட நல்ல களம் கிடையாது என்பதால், புதிய தன்னார்வலர்களை இங்கேதான் அனுப்புகிறேன். நாங்கள் தொடக்கத்தில் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். சின்னச் சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

முடிவு தெரிந்த பிறகு கணக்கு எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளங்கையில் கிடந்த தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. உடன் போன மாணவர் "சொன்னது பலித்தது" என்று எழுதிக்கொண்டு வந்தார். எத்தனை அடியில் வரும் என்று நீரோட்டம் பார்த்தவர் முன்பே சொன்னாரா? எவ்வளவு வந்தால் 'வந்தது' என்று கணக்கு? அதே காட்டில் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காதா? மாணவரிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதே ஆள் குறித்துக்கொடுத்த இன்னொரு காட்டில் புழுதிதான் பறந்தது. "வண்டிக்காரர் புள்ளிய விட்டுத் தள்ளி இறக்கிட்டாருங்க" என்றார். மாணவர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நகையை அடகு வைத்து அந்தக் குடும்பம் போட்ட போர் அது.

எது நடந்தால் தன் கூற்று தவறு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. நட்சத்திர ஒளி சூரியனை ஒட்டி வரும்போது 1.75 வில்விநாடி என்ற மிகச் சிறிய கோணம் வளையும் என்று ஐன்ஸ்டைன் கணக்கிட்டுச் சொன்ன பிறகுதான் 1919 கிரகணத்தில் அளந்து பார்த்தார்கள். அதில் பாதியே வந்திருந்தால் அவருடைய கொள்கை அடிபட்டிருக்கும்.

படித்தவர்களும் இதில் சறுக்குவதுண்டு. 1987-88இல் ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்திலிருந்து அதன் இடத்தைச் சொல்லச் சொன்னார்கள். 43 பேர், 843 சோதனைகள். பெரும்பாலோருக்கு ஒன்றும் தேறவில்லை. ஆனால் நடத்திய இயற்பியலாளர்கள், நன்றாகச் சொன்ன சிலரை மட்டும் பிரித்தெடுத்து, இவர்களுக்குத் திறமை உண்டு என்று அறிவித்தார்கள். பத்துப் பேர் காசு சுண்டினால் ஒருவருக்காவது தொடர்ந்து தலை விழத்தான் செய்யும். அவரைப் பின்னால் பொறுக்கியெடுத்து வித்தைக்காரர் என்பதா? கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜிம் என்ரைட் அதே தரவை மறுபடி அலசினார். அந்தச் சிலராலும் தங்கள் வெற்றியை அடுத்தடுத்த சுற்றுகளில் திரும்பக் காட்ட முடியவில்லை என்று தெரிந்தது.

ஆகவே போர் வண்டி வருவதற்கு முன்பே இடம், ஆழம், தண்ணீரின் அளவு மூன்றையும் எழுதி, நீரோட்டம் பார்த்தவரிடமே கையெழுத்து வாங்குங்கள். வறண்ட போர்களையும் தேடிப் போய் எழுதுங்கள். அவற்றை யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்.

கருவியைக் கண்டு மயங்குவது

குச்சிக்குப் பதில் டிஜிட்டல் பெட்டி வந்தாலும் கேள்விகள் அவையேதான்.

ஆளை மோசடிக்காரர் என்பது

நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மனதார நம்பியே செய்கிறார்கள். நம்மை அறியாமல் நடக்கும் சிறு தசை அசைவே குச்சியைத் திருப்பப் போதும். ஊர்ப் பெரியவரை எல்லோர் முன்னாலும் திருடன் என்றால் அடுத்த சோதனைக்கு யாரும் இடம் தர மாட்டார்கள். அப்படிச் சொல்வது நியாயமாகவும் இருக்காது.

நிலவியலாளர் சொன்னால் பொய்க்காது என்பது

பொய்க்கும். கடினப் பாறைப் பகுதியில் தண்ணீர் பெரும்பாலும் பாறை விரிசல்களில்தான் நிற்கிறது. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் மின்தடை ஆய்வு செய்தும் வறண்டுபோன போர்கள் உண்டு. ஆனால் எந்த ஆழத்தில் விரிசலை எதிர்பார்க்கிறார் என்று அவருடைய அறிக்கையில் இருக்கும். போர் இறங்கும்போது அந்த ஆழத்தில் என்ன வந்தது என்று பக்கத்திலேயே குறித்து, வறண்டுபோனாலும் அவரிடம் திருப்பிக் கொடுங்கள். பக்கத்துக் காட்டுக்கு அடுத்த முறை அளக்கும்போது அவருக்கு அது வேண்டும்.