விண்டோஸ் 11 வந்தாச்சு, பேஜ்மேக்கரை வைத்துக்கொள்வதா விடுவதா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. எங்கள் டிடிபி கடை கம்ப்யூட்டரை மார்கழி வரை தொடவில்லை. கல்யாணப் பத்திரிகை வேலை அப்போதுதான் கொஞ்சம் ஓயும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான, 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-ஐ இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவர்களில் நானும் ஒருவன். விண்டோஸ் 11 போட்டதும் "இனி இது ஓடாது, புது மென்பொருள்தான்" என்று முடிவுகட்டி மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் பழுது பேஜ்மேக்கரில் இல்லவே இல்லை.

முதல் வேலை: பழைய எஸ்எஸ்டியை அழிக்காதீர்கள். எங்களுடையது 32-பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11-இல் 32-பிட் என்பதே கிடையாது, 64-பிட் மட்டும்தான். அதனால் இருப்பதன் மேலேயே மேம்படுத்த முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். நான் புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் போட்டேன். பழையதைக் கழற்றி, தேதி எழுதி, கல்லாப்பெட்டியில் வைத்தாயிற்று. விண்டோஸ் போடுவது எப்படி என்பதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதை விடுகிறேன்.

அடுத்து, "ஓடவில்லை" என்று மொத்தமாகச் சொல்லாமல் ஐந்தாகப் பிரித்துப் பாருங்கள். இன்ஸ்டால் ஆகிறதா? பழைய கோப்பு திறக்கிறதா? எழுத்துரு சரியாகத் தெரிகிறதா? ஒரு வரி தமிழில் அடிக்க முடிகிறதா? பிரிண்ட் போகிறதா? இன்ஸ்டாலரே 16-பிட்டாக இருந்தால் கதை முதல் கேள்வியிலேயே முடிந்தது; 64-பிட் விண்டோஸில் அது ஓடாது. எனக்கு முதல் மூன்றும் சரியாகவே இருந்தன. போன வருடத்துப் பத்திரிகை ஒன்றைத் திறந்தேன், பூ பார்டரோடு அப்படியே வந்தது. மாப்பிள்ளை பெயரை மாற்றலாம் என்று தட்டினால் சம்பந்தமில்லாத எழுத்துகள் விழுந்தன.

நான் சறுக்கியது இங்கேதான். பேஜ்மேக்கர் ஐகானில் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, விண்டோஸ் எக்ஸ்பி என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்று முறை அழித்துப் போட்டேன். தற்செயலாக டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோதுதான் அந்த மஞ்சள் முக்கோணம் கண்ணில் பட்டது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளோடு வந்த டாங்கிள்! யூஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி; அது வேலை செய்தால்தான் அந்த மென்பொருளும் வேலை செய்யும். அதன் டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல், 32-பிட். 64-பிட் விண்டோஸில் 32-பிட் டிரைவர் ஏறாது. கம்பேட்டிபிலிட்டி மோடு மென்பொருளுக்குத்தான் பழைய விண்டோஸ் மாதிரி நடித்துக் காட்டும், டிரைவருக்கு அந்த ஜம்பம் பலிக்காது. ஆகவே மென்பொருளைக் குறை சொல்லும் முன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 64-பிட் டிரைவர் கிடைத்தால் அதைப் போட்டு வேலையைப் பாருங்கள், மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம். எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கணக்கு. கோப்புகளை மாற்றிய தேதிப்படி அடுக்குங்கள். என்னிடம் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தன. கடந்த ஒரு வருடத்தில் கைவைத்தது எழுபதுகூட இல்லை. அதிலும் பாதி கோயில் திருவிழா நோட்டீஸும் பில் புக்கும். வருடா வருடம் தேதி மாறும், உபயதாரர் பெயர் மாறும், அவ்வளவுதான். எழுபது கோப்புக்காக எல்லாவற்றையும் மாற்றுவது வீண் வேலை. ஆனால் புது ஆர்டரையும் பேஜ்மேக்கரிலேயே செய்தால், அடுத்த தடவை இதே தலைவலி எண்ணூறு கோப்போடு வரும். அதனால் பழசுக்குப் பழையது, புதுசுக்குப் புதியது.

பழசுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் போதும், இலவசம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் மென்பொருள் அது. அதற்குள் முறையான உரிமம் உள்ள விண்டோஸ் 7, 32-பிட். நினைவகம் 2 ஜிபி கொடுத்தேன். இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள், ஆதரவு முடிந்த விண்டோஸுக்கு அது ஆகாது. டாங்கிளைச் செருகினால் தானாக உள்ளே போகாது. விர்ச்சுவல் மெஷினின் செட்டிங்ஸில் யூஎஸ்பி பகுதிக்குப் போய் அதை ஃபில்டராகச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் டிக் போட வேண்டியதில்லை. முடிந்த பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்துக்கொள்கிறேன்.

புதுசுக்கு என் ஓட்டு அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு. மாதச் சந்தா கடுப்புதான், ஆனால் யூனிகோட் தமிழ் ஒழுங்காக நிற்கிறது. பிரிஃபரன்ஸில் அட்வான்ஸ்டு டைப் போய் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வெறும் பில் புக், நோட்டீஸ் என்றால் ஸ்கிரைபஸ் 1.6 போதும், காசு கிடையாது.

ஒரு எச்சரிக்கை: இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. சிஎஸ்6 வட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். லிப்ரேஆபிஸ் டிராவும் திறக்கும், ஆனால் பக்க அமைப்பை அப்படியே எதிர்பார்க்காதீர்கள்.

திறந்தாலும் உள்ளே இருப்பது பழைய எழுத்துருக் குறியீடுதான், யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பத்திரிகை ஒன்றை முழுசாக கன்வெர்ட்டரில் போட்டேன். ஆங்கில எழுத்தில் இருந்த மாப்பிள்ளையின் பி.இ. பட்டம் 'டீ.நு.' ஆகிவிட்டது. பாமினியில் அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் இருப்பவை டீயும் நுவும்தான். கன்வெர்ட்டருக்கு வித்தியாசம் தெரியாது. பெண் வீட்டார் கண்ணில் படும் முன் பிழைதிருத்தத்தில் பிடித்தேன். ஆங்கிலச் சொற்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: 64-பிட் டிரைவர் இருந்தும் டாங்கிள் வேலை செய்யவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி சில பழைய டிரைவர்களைத் தடுக்கும். அவர் அதை அணைத்ததும் ஓடியதாம். இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் நான் அணைக்க மாட்டேன், விர்ச்சுவல்பாக்ஸுக்கே போவேன்.

இன்னொருவருக்கு, தொடாத கோப்பில்கூட வரிகள் இடம் மாறினவாம். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதியில், டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற சுவிட்ச் இருக்கிறது. அது கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரை டிஃபால்ட் ஆக்கிவிடும். பேஜ்மேக்கர் பக்கத்தைப் பிரிண்டரைப் பார்த்துத்தான் கோக்கும். அணைத்துவிட்டு, வழக்கமான பிரிண்டரை நீங்களே டிஃபால்ட்டாக வையுங்கள்.