யாழ்ப்பாணப் பரவைக்கடலில் தங்கூசி போட்டு மீன் பிடிப்பது எப்படி? வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் சோடிகளுக்கு

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தால் கோயில், கல்யாண வீடு, சொந்தக்காரர் வீடு என்று முதல் இரண்டு கிழமை ஓடிவிடும். அதற்குப் பிறகு வெயில் சாய்கிற நேரத்தில் என்ன செய்வது என்று யோசிக்கிற கணவன் மனைவிக்காக இதை எழுதுகிறேன். நானும் இவரும் அந்தப் பின்னேரங்களை யாழ் நகரையொட்டிய பண்ணைப் பாலத்தடியில் கழித்தோம். இரவுச் சாப்பாட்டுச் சொதிக்கு வேண்டிய மீன் பல நாள் அங்கிருந்தே வந்தது.

எங்களுக்குத் தூண்டில் புதிதில்லை. ரொறன்ரோவில் கோடை வந்தால் லேக் சிம்கோவுக்குத் தடியும் றீலுமாகப் போய்விடுவோம். ஆனால் அது ஆழமான நன்னீர் ஏரி. பரவைக்கடல் உப்புத் தண்ணீர், பல இடங்களில் முழங்கால் அளவுதான் ஆழம், அடி முழுவதும் சாதாளை (கடற்புல்). அங்கே பழகிய கை இங்கே வேறு மாதிரி வேலை செய்யவேண்டும்.

1. சாமான்

தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர். தடிப்பு கூடினால் தெளிந்த தண்ணீரில் மீனுக்குத் தெரிந்துவிடும். தூண்டில் முள் 8ஆம் அல்லது 10ஆம் நம்பர் (நம்பர் கூடக்கூட முள் சிறிதாகும், மாறி வாங்கிவிடாதீர்கள்). ஈயம் 15 கிராம் அளவு. குருநகர்ப் பக்கம் வலைச்சாமான் விற்கும் கடைகளில் எல்லாமே மலிவாகக் கிடைக்கும். கூடவே குறடு ஒன்று, பழைய துவாய் ஒன்று, மூடியுள்ள வாளி ஒன்று.

தடியும் றீலும் வேண்டாம் என்பது என் கட்சி. இவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பருத்தித்துறைப் பக்கம் திறந்த கடலில் அலையைத் தாண்டி எறியவேண்டும், அங்கே தடி தேவை, அது சரி. பரவைக்கடலில் மீன் சிறிது, கடி மெல்லியது. தடியின் நுனி ஆடுவதைக் கண் பார்ப்பதற்குள், விரலில் கிடக்கும் தங்கூசி சொல்லிவிடும். உப்புத் தண்ணீரில் றீல் கறள் பிடிக்கிற தொல்லையும் இல்லை.

தங்கூசியைச் சுற்ற மரக்கட்டையைவிடச் சோடாப் போத்தல் மேல். நுனியைப் போத்தல் கழுத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, நடு உடம்பில் சுற்றுங்கள். எறியும்போது போத்தலின் வாயை எறிகிற திசைக்குக் காட்டிப் பிடித்தால் தங்கூசி தானாக வழுக்கிக் கழன்று ஓடும். மரக்கட்டையில் அது நடக்காது. தங்கூசி முழுவதையும் காலடியில் அவிழ்த்துப் போட்டு, சிக்கெடுத்துக்கொண்டே பொழுது போய்விடும்.

2. முள் கட்டுவது

இந்தப் படிதான் எங்களை அதிக நாள் காக்கவைத்தது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

தங்கூசியின் நுனியில் முள், அதற்கு மேலே ஈயம் என்பதுதான் நாங்கள் பழகிய முறை. பண்ணையில் அப்படிப் போட்டால் ஒரு கடியும் கிடைக்காது. இழுத்துப் பார்த்தால் முள் நிறையச் சாதாளை, இரை போட்டபடியே இருக்கும். இடத்தை மாற்றினோம், இரையை மாற்றினோம், நேரத்தை மாற்றினோம். கடைசியில் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா எங்கள் தங்கூசியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, முள் புல்லுக்குள்ள படுத்துக் கிடக்குது. மீன் எப்பிடிக் காணும்? ஈயத்தைக் கீழ கட்டுங்கோ, முள்ளை மேல கட்டுங்கோ."

அவ்வளவுதான் விஷயம். ஈயம் சாதாளைக்குள் இறங்கி நிற்கும். முள் அதற்கு ஒரு அடி மேலே, புல்லுக்கு வெளியே, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். மீனும் அந்த உயரத்தில்தான் மேய்கிறது.

கட்டும் முறை இது:

தங்கூசியின் நுனியில் ஈயத்தைக் கட்டுங்கள். அதிலிருந்து ஒரு அடி மேலே தங்கூசியை மடித்து, மடிப்பு இரட்டையாக இருக்கும்போதே ஒரு முடிச்சுப் போடுங்கள். நாலு விரல் நீளத்தில் ஒரு வளையம் கிடைக்கும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். உலர்ந்த தங்கூசி உரசும்போது சூடாகி அந்த இடத்தில் பலம் இழந்துவிடும், பிறகு நல்ல மீன் வரும்போது அங்கேதான் அறும். இனி வளையத்தின் நுனியை நசுக்கி முள்ளின் கண்ணுக்குள்ளால் நுழையுங்கள். வெளியே வந்த வளையத்தை முள்ளின் கூர்ப்பக்கத்தால் முழுவதும் போட்டுப் பின்னுக்கு இழுங்கள். கண்ணடியில் போய் இறுகிவிடும். முள் மழுங்கினாலோ முறிந்தாலோ அதே வழியில் கழற்றி மாற்றலாம், வெட்டவேண்டியதில்லை.

அதற்கு மேலே இன்னொரு முள்ளும் கட்டலாம். தொடக்கத்தில் ஒன்று போதும். இரண்டு முள் இருந்தால் ஒன்றில் மீனும் மற்றதில் உங்கள் விரலும் மாட்டும்.

3. இரை

காலையில் பண்ணை மீன் சந்தையில் சின்ன இறால் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோதை உரித்து, வால் பக்கத்தால் முள்ளை ஏற்றி, கூர் மட்டும் வெளியே தெரிய விடுங்கள். சின்ன மீன் வந்து கொத்திக் கொத்தியே இறாலை முடித்துவிடும் நாட்களில் கணவாயை மெல்லிய நாடாவாக வெட்டிப் போடுங்கள். அது இறைச்சி மாதிரி இறுக்கம், சுலபத்தில் கழராது.

ஓரா மீன் வேண்டுமென்றால் கதை வேறு. அது பாசி தின்னி. அதற்குப் பாண்தான். பாணின் நடுப்பகுதியைத் துளித் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கடலை அளவு உருண்டையாக முள்ளில் பொத்துங்கள்.

4. இடமும் நேரமும்

பண்ணை வீதியில் பாலத்தின் கீழால் தண்ணீர் ஓடுகிற இடத்துக்குப் பக்கக் கரைதான் எங்களுக்குப் பிடித்தது. இங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்தத் தண்ணீர் ஒடுங்கிய வழியால் போய்வருவதால் ஓட்டம் நன்றாகவே இருக்கும், மீனும் அதோடு வரும். அமாவாசை, பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூட. தண்ணீர் அசையாமல் நின்றால் கடியும் நின்றுவிடும். அந்த நேரத்தில் தேத்தண்ணீர் குடிக்கப் போகலாம்.

பங்குனி, சித்திரையில் காற்று குறைவு, தொடங்குவதற்கு நல்ல மாதங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிட்டால் தண்ணீர் கலங்கும், தங்கூசி காற்றில் வில்லாக வளையும், கடி தெரியாது.

பரவைக்கடல் நெடுகத் தடி நட்டுக் களங்கட்டி வலை கட்டியிருப்பார்கள். அதற்குக் கிட்டவும் எறியாதீர்கள். முள் மாட்டினால் வலை கிழியும். நாங்கள் விளையாட்டுக்கு வந்தவர்கள், அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. கடற்படை முகாம் உள்ள கரைகளில் படம் எடுக்கவேண்டாம். போகச் சொன்னால் தர்க்கப்படாமல் போய்விடுங்கள். அடையாள அட்டையோ கடவுச்சீட்டின் பிரதியோ கையில் இருக்கட்டும்.

கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழிக்கும், சப்பாத்து இல்லாமல் இறங்கவேண்டாம்.

5. எறிவதும் இழுப்பதும்

காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். பின்னால் பஸ் ஓடுகிற வீதி, அதனால் தலைக்கு மேலே சுழற்றாமல் பக்கவாட்டில் சுழற்றி விடுங்கள். ஒருவர் எறியும்போது மற்றவர் எறியக்கூடாது. இரண்டு தங்கூசியும் தண்ணீருக்குள் பின்னிக்கொண்டால் வீட்டுக்குப் போகும்வரை அதுதான் பேச்சு. எங்களுக்குள் பிடிபட்ட முறை: ஒருவர் தங்கூசி, மற்றவர் குறடும் துவாயும். மீன் வந்ததும் கை மாறுவது.

ஈயம் அடியில் பட்டதும் தொய்வை எடுத்துவிட்டு, தங்கூசியைச் சுட்டுவிரலின் முதல் மடிப்பில் கிடத்துங்கள். முதலில் டிக் டிக் என்று இரண்டு மூன்று தட்டு வரும். அதற்கு இழுக்காதீர்கள், அது ருசி பார்ப்பது. பிறகு விரல் மெதுவாக முன்னுக்கு இழுபடும். அப்போது கையை மார்புவரை ஒரே இழுப்பு. பிறகு தொய்வு விடாமல், கைமாற்றிக் கைமாற்றி உள்ளே எடுங்கள்.

6. மீனைக் கழற்றுவது

ஓராவின் முதுகு முள்ளும் வயிற்று முள்ளும் விஷம். கெளிற்று மீனுக்கு விஷ முள் முதுகில் ஒன்று, இரண்டு பக்கச் செட்டையிலும் ஒவ்வொன்று. துவாயால் மூடி அமத்திப் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைத் திருப்பி எடுங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில், சுமார் 45 பாகை செல்சியஸில், அரை மணிக்குக் குறையாமல் கையை வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டில் கெடும், கடுப்புக் குறையும். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ நேரே ஆஸ்பத்திரி.

தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் பந்து போல ஊதிக்கொள்வது பேத்தை. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திரும்பக் கடலுக்கே விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும்.

ஓராவைப் பிடித்த கையோடு குடலை எடுத்துவிடவேண்டும். பாசி நிறைந்த குடல் கொஞ்ச நேரத்தில் சதை முழுவதையும் மணக்கச் செய்துவிடும். சுத்தமாக எடுத்த ஓராவைத் தேங்காய்ப் பாலில் பச்சைமிளகாய் போட்டுச் சொதி வைத்தால், இடியப்பத்துக்கு வேறு ஒன்றும் வேண்டாம். சில்லறை மீன்கள் பலவிதமாகச் சேர்ந்துவிட்ட நாளில் ஒடியல் கூழ் காய்ச்சுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒரு தங்கச்சி, சொன்னபடி கட்டியும் முள் சாதாளைக்குள் போகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் ஈயம் 40 கிராம். பாரம் கூடினால் ஈயம் புல்லுக்குள் ஆழப் புதையும், முள்ளும் கூடவே இறங்கும். ஓட்டம் இழுக்காத அளவுக்கு எவ்வளவு குறைவாகப் போடமுடியுமோ அவ்வளவு போடுங்கள். புல் உயரமாக உள்ள இடத்தில் வளையத்தை ஒன்றரை அடிக்கு ஏற்றிக் கட்டுங்கள்.

லண்டனில் இருந்து வரும் ஒருவர் தடியை விமானத்தில் கொண்டுவரலாமா என்று கேட்டார். கொண்டுவந்தே தீருவதென்றால் மடங்குகிற தடி பெட்டிக்குள் அடங்கும். முள், குறடு, கத்தி எல்லாம் ஏற்றிவிடுகிற பெட்டிக்குள் போகவேண்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். முள் பெட்டியின் மூடிக்கு ரேப் சுற்றி ஒட்டுங்கள்.