விடுதிப் பள்ளிச் சிற்றாலயத்தின் ஓராண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபை விடுதிப் பள்ளிகளில் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக ஆண்டு அட்டவணை தயாராகிவிடும். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, விளையாட்டு விழா, பெற்றோர் கூட்டம் எல்லாம் இடம்பிடித்த பிறகு, மிஞ்சிய கட்டங்களில் சிற்றாலய நிகழ்ச்சிகளைச் செருகுவார்கள். விடுதிக் காப்பாளராக இருந்த நாள்களில் நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு நேர்ந்த குழப்பங்களில் பாதி அந்த அட்டவணையிலேயே விதைக்கப்பட்டவை.

பள்ளி ஆண்டும் திருச்சபை ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பள்ளி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. திருச்சபை ஆண்டோ நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தோடு தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் நாளில் பிள்ளைகள் அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள்; உயிர்ப்பு ஞாயிறோ (ஈஸ்டர்) தேர்வுக் காலத்தில் வந்து விழும். அதுவும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே நகர்ந்துகொண்டிருக்கும் நாள். 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5. அதற்கேற்ப, லெந்து எனும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் 2024-இல் பிப்ரவரி 14-ஆம் தேதி வந்தது, 2025-இல் மார்ச் 5-ஆம் தேதி, பொதுத்தேர்வு தொடங்கிய வாரத்திலேயே வந்தது. ஆகவே சென்ற ஆண்டின் சிற்றாலய அட்டவணையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி ஒட்டுவது முதல் தவறு. திருச்சபை நாள்காட்டியை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அதன் பிறகே பள்ளி அட்டவணையைத் தொட வேண்டும்.

இந்தப் பொருத்தமின்மையால் அதிகம் அடிபடுவது திருவருகைக் காலம். விடுமுறைக்கு முன்பே கிறிஸ்துமஸ் கீத ஆராதனையை நடத்தியாக வேண்டும் என்பதால் நவம்பர் நடுவிலேயே பாடகர் குழு பிறப்பின் பாடல்களைத் தொடங்கிவிடுகிறது. காத்திருப்புக்குரிய நான்கு ஞாயிறுகளும் நட்சத்திர விளக்குக்கும் கேக்குக்கும் நடுவில் காணாமற்போகின்றன. கீத ஆராதனையைத் தள்ளிப்போடுவது இயலாது, உண்மைதான். ஆனால் ஒத்திகை வேறு, ஆராதனை வேறு. ஒத்திகை அறையில் எந்தப் பாடலையும் பழகலாம். மாலை ஜெபத்தில் மட்டும் கீத ஆராதனை நாள்வரை வருகைக்காலப் பாமாலைகளையே பாடினால் போதும், பிள்ளைகளுக்கு வேறுபாடு தானாகத் தெரிந்துவிடும். அரையாண்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஒத்திகை வைப்பதைவிட, காலாண்டு விடுமுறை முடிந்து வந்த வாரத்திலேயே தொடங்குவது நல்லது. குரல் உடையும் வயதுப் பையன்களை அந்த நேரம் பார்த்துக் குழுவிலிருந்து நீக்குவதும் வழக்கமாக நடக்கும் அநியாயம். கீழ்க்குரலுக்கு மாற்றலாம், அல்லது சில மாதம் பக்கம் புரட்டவும் புத்தகம் அடுக்கவும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அவர்களே குழுவின் அடித்தளமாக இருப்பார்கள்.

அட்டவணையில் எங்கும் எழுதப்படாத தவறு ஒன்று உண்டு. நம் பள்ளிகளில் ‘முழங்கால் போடு’ என்பது தண்டனையின் பெயர். வீட்டுப்பாடம் எழுதாதவன் வகுப்பு வாசலில் முழங்காலில் நிற்பான். அதே பையன் மாலையில் சிற்றாலயத்துக்குள் வந்ததும் ‘முழங்காற்படியிடுவோம்’ என்று ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அழைக்கிறார். போதாக்குறைக்கு, ஜெபத்துக்குப் பிந்தி வந்தவர்களை ஆலயத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் முழங்காலில் நிறுத்தும் பழக்கமும் பல விடுதிகளில் இருந்தது. ஒருமுறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பாவ அறிக்கைக்காக எல்லோரும் முழங்காற்படியிட்டபோது, என்னைத் திரும்பிப் பார்த்து, “நான் ஒண்ணும் செய்யல சார்” என்று மெல்லச் சொன்னான். அன்றிலிருந்து என் விடுதியில் முழங்கால் தண்டனையை நிறுத்தினேன். ஜெபத்துக்கு உரிய உடற்கோலத்தைத் தண்டனைக்கு எடுத்துக்கொண்ட பிறகு அதன் பொருளை எந்தப் பிரசங்கத்தாலும் மீட்க முடியாது. இதே காரணத்தால், சோப்பு காணாமற்போனதையும் சாப்பாட்டுக்கூடத்துச் சண்டையையும் விசாரிக்கும் இடமாகச் சிற்றாலயத்தைப் பயன்படுத்தக் கூடாது.

விடுதியில் இந்து, இஸ்லாமியப் பிள்ளைகளும் இருப்பார்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவரது இசைவின்றி, சிறுவராயின் காப்பாளரது இசைவின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு கூறுகிறது. சேர்க்கைப் படிவத்தின் நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரியாக இதை முடித்துக்கொள்வது சட்டத்துக்கு ஒருவேளை போதலாம், மரியாதைக்குப் போதாது. சேர்க்கை நாளில் பெற்றோரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவர்களின் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஓர் அறையும் விளக்கும் ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும். வராண்டாவில் தனியாக உட்கார வைப்பது இன்னொரு வகைத் தண்டனை. அப்பமும் ரசமும் வழங்கப்படும் திருவிருந்து நாளில் மேலும் ஒரு கவனம் தேவை. வரிசை வரிசையாக எழுந்து போகும்போது, திடப்படுத்தல் (திருவிருந்தில் பங்குபெறச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு) பெறாத சிறு பிள்ளைகளும் பிற சமயத்துப் பிள்ளைகளும் கூட்டத்தோடு கூட்டமாகப் பலிபீடம்வரை போய்க் கையை நீட்டுவார்கள், அங்கே வைத்துத் திருப்பி அனுப்பப்படுவார்கள். முதல்நாள் மாலையே இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் அந்தக் கூச்சம் நேராது.

ஜூன் நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை, பரிசுத்த ஆவி அருளப்பட்ட பண்டிகையான பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் நீண்ட ஞாயிறுகளைப் பண்டிகையற்ற வெற்றுக்காலம் என்று எண்ணி, வரும் விருந்தினர்களிடமெல்லாம் பிரசங்கத்தை ஒப்படைப்பார்கள். விளைவாக ஒரே பருவத்தில் இயேசு சொன்ன உவமையின் கெட்ட குமாரன் மூன்று முறை வீடு திரும்புவான். அந்த ஐந்து மாதங்களும் ஒரு சுவிசேஷத்தைத் தொடக்கம் முதல் வாசித்து முடிக்கக் கிடைத்த காலம். நடுவே செப்டம்பர் 27, தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவான நாள், காலாண்டுத் தேர்வை ஒட்டி வருவதால் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. வேதபாடம் வாசிப்பவரை ஆராதனைக்கு ஐந்து நிமிடம் முன்பு பிடித்து நிறுத்துவதும் கூடாது. வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலின் நீண்ட வாக்கியங்களை முன்னேற்பாடின்றி வாசிக்கப் பெரியவர்களே தடுமாறுவார்கள். வியாழக்கிழமையே பகுதியைக் கொடுத்து, ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நன்றாக வாசிக்கும் அதே இரண்டு பேருக்கே ஆண்டு முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கவும் கூடாது.

லெந்து காலத்தில் உபவாசத்தைக் கட்டாயமாக்குவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வளரும் பிள்ளைகள், அதிலும் தேர்வெழுதப் போகிறவர்கள், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நம் ஊர் வீடுகளில் சமைக்குமுன் எடுத்துவைக்கும் பிடி அரிசியைப் போல, மாலைப் பலகாரத்தை வாரம் ஒருநாள் விரும்புகிறவர்கள் விட்டுக்கொடுத்து அதன் தொகையைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்த தொகையை வகுப்புவாரியாக அறிவித்துப் போட்டியாக்குவது அடுத்த தவறு. கைக்குட்டை முனையில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்து வரும் பிள்ளையின் முகத்தை அந்த அறிவிப்பின்போது பார்த்தவர்கள் மறுமுறை அதைச் செய்யமாட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் விடுதியில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் பொதுத்தேர்வு மாணவர்கள்தாம். ஆள் குறைவென்று சிற்றாலயத்தைப் பூட்டிவிட்டு அவர்களை ஊர் ஆலயத்தின் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவதே பொதுவான வழக்கம். பதினைந்து பேர் இருந்தாலும் அவர்களுக்கென்று விடியற்கால ஆராதனை நடத்தலாம். அதற்கு வேண்டியவை மிகக் குறைவு: முன்னிரவே ஐயரிடம் உறுதிசெய்துகொள்ளுதல், சாவி யார் கையில் இருக்கிறது என்று அறிதல், மின்சாரம் போனால் ஏற்ற இரண்டு மெழுகுவர்த்திகள், ஆராதனை முடிந்ததும் சமையற்கூடத்தில் சூடாகக் கட்டங்காப்பியும் பன்னும்.