டிரைவரை மாற்றுவதற்கு முன் ஒரு வரியைப் படியுங்கள்

வீடியோ ஓட ஆரம்பித்தாலே என் மடிக்கணினியின் விசிறி அலறும். விண்டோவைப் பிடித்து இழுத்தால் யோசித்து யோசித்து நகரும். கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டி, இரண்டு நாளில் மூன்று முறை லினக்ஸை அழித்து மறுபடி நிறுவினேன். ஒன்றும் மாறவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கமான விஷயம்.

இப்போதெல்லாம் எதையும் நிறுவுவதற்கு முன் டெர்மினலைத் திறந்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டுகிறேன். உபுண்டுவிலும் டெபியனிலும் அது மெசா-யுட்டில்ஸ் என்ற தொகுப்பில் இருக்கிறது. வெளியீட்டில் 'ஓபன்ஜிஎல் ரெண்டரர்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். உங்கள் கிராபிக்ஸ் அட்டையின் பெயர் அங்கே வந்தால் அடித்தளம் சரி. 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால், அட்டை சும்மா உட்கார்ந்திருக்க, படம் வரையும் வேலை முழுவதையும் சிபியு சுமக்கிறது என்று அர்த்தம். என் திரையில் வந்தது இதுதான்.

டிரைவர் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு பாதி. ஒரு பாதி லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருந்து அட்டையோடு பேசுகிறது: ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, இன்டெலுக்கு ஐ915 (மிகப் புதியவற்றுக்கு எக்ஸ்இ), என்விடியாவுக்குத் திறமூல நோவோ அல்லது அந்த நிறுவனத்தின் சொந்த மாட்யூல் (கர்னலில் செருகும் துண்டு). மறுபாதி கர்னலுக்கு வெளியே இருக்கிறது. குரோனோஸ் கூட்டமைப்பு வகுக்கும் ஓபன்ஜிஎல், வல்கன் என்ற வரைகலைத் தரங்களை நிரல்களுக்குச் செய்து கொடுப்பது அதுதான். ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்கும் பெரும்பாலும் மெசா. 1993-ல் பிரையன் பால் தொடங்கிய திட்டம் அது. என்விடியாவின் சொந்த டிரைவர் மெசாவை விட்டுவிட்டுத் தன் நூலகங்களையே கொண்டுவரும்.

அடுத்து எல்எஸ்பிசிஐ கட்டளை, கூடவே கே என்ற தேர்வு. ஒவ்வொரு வன்பொருளுக்கும் கீழே, எந்தக் கர்னல் டிரைவர் அதைக் கையாள்கிறது என்று ஒரு வரி வரும். என் அட்டைக்குக் கீழே அந்த வரியே இல்லை. அப்புறம்தான் கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 'நோமோட்செட்' என்ற சொல் அங்கே இருந்தது. எப்போதோ ஒரு பழைய கணினிக்கு அது தேவைப்பட்டது; அந்தப் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு முறை நிறுவியபோதும் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். திரையின் தெளிவை அமைக்கும் வேலையைக் கர்னல் செய்யாதபடி தடுக்கும் சொல் அது; அது இருந்தால் கர்னலோடு வரும் இந்த டிரைவர்கள் அட்டையைத் தொடாது. நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்தேன். விசிறி அடங்கியது.

அந்தச் சொல் இல்லாமலேயே டிரைவர் வரி காணவில்லை என்றால் அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் 'ஃபர்ம்வேர்' என்று தேடினால், எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று கர்னலே புலம்பியிருக்கும். டெபியன் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இவற்றை நிறுவியிலேயே சேர்த்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

என்விடியாவின் சொந்த டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே விதி: இரண்டு பாதியின் பதிப்பு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். புதுப்பித்த கையோடு விளையாட்டைத் திறந்தால், பதிப்பு பொருந்தவில்லை என்று பிழை வரக்கூடும். பழைய மாட்யூல் இன்னும் நினைவகத்தில் இருப்பதுதான் காரணம். மறுதொடக்கம் போதும். இணையத்திலிருந்து நிறுவிக் கோப்பை இறக்கி ஓட்ட வேண்டாம், உங்கள் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகையின்) தொகுப்பையே போடுங்கள். கர்னல் மாறும்போது மாட்யூலையும் சேர்த்து மாற்றும் ஏற்பாடு அதில் இருக்கும். அது மாட்யூலை உங்கள் கணினியிலேயே மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் வழி என்றால், அதற்குத் தேவையான கர்னல் ஹெடர் கோப்புகளும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். கையொப்பத்தைச் சரிபார்த்தே கணினியைத் தொடங்கும் செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை வந்தால் பயப்படாதீர்கள். சாவியைப் பதிவு செய்யும் இடம் அது. சில நொடிக்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் திரை தானே போய்விடும்.

திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டில் திரை மினுக்கினால் டிரைவரின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். என்விடியா டிரைவருக்கு எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (வரைந்து முடிந்த படத்தை மட்டும் திரைக்கு அனுப்பும் ஒழுங்கு) ஆதரவு 2024-ல் 555 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தையது என்றால் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால், பழைய முறையான எக்ஸ்11 அமர்வு உங்களிடம் இருந்தால் அதற்குப் போங்கள்.

ஒரு செயலி மட்டும் தகராறு செய்தால் அது ஃபிளாட்பேக்கா (தேவையான நூலகங்களோடு தனியாக வரும் தொகுப்பா) என்று பாருங்கள். ஃபிளாட்பேக் தன் மெசாவைத் தானே சுமந்து வரும். கணினியில் இருக்கும் மெசாவைப் புதுப்பித்து அதற்குப் பயனில்லை. ஃபிளாட்பேக் அப்டேட் என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

மெசாவிடம் ஓபன்ஜிஎல் பதிப்பு எண்ணைக் கூட்டிச் சொல்லவைக்கும் ஒரு சூழல் மாறி (நிரலைத் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பு) உண்டு. பலர் அதைப் பரிந்துரைப்பார்கள். எண்தான் கூடும், அட்டையின் திறன் கூடாது. அடம்பிடிக்கும் நிரலைத் திறந்து பார்க்க மட்டும் நான் அதைத் தொடுகிறேன்.