கருப்பட்டிக் கரைசலில் ஈஸ்ட் சுவாசிப்பதைப் பார்ப்பது எப்படி?

முதல் நாளே வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு ஸ்பூனை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கி மூடிவையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள், அது கண்ணில் தெறித்துவிடக்கூடாது.

200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெளியேறத்தான் இது. அதில் இரண்டு ஸ்பூன் உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, 35 முதல் 40 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் உலர் ஈஸ்ட் சேருங்கள். பாட்டிலில் ஊற்றியதும் மேலே நல்லெண்ணெய் ஒரு படலமாக நிற்கட்டும், காற்று இறங்காது. மூடியில் துளையிட்டுக் குழாய் சொருகுங்கள்: உள்முனை எண்ணெய்க்கு மேலே, வெளிமுனை சுண்ணாம்புத் தெளிவுக்குள். குழாய் இல்லாமல் இறுக்கி மூடினால் பாட்டில் வெடித்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் குமிழி வரும், தெளிவு பால்போல் வெளுக்கும். கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. வாயு தொடர்ந்து போனால் வெளுப்பு மறுபடி தெளியும். அது தோல்வி அல்ல, கார்பனேட் தண்ணீரில் கரையும் பைகார்பனேட்டாக மாறுகிறது. குமிழியே வராவிட்டால் மூடியில் கசிவு, பழைய ஈஸ்ட், அல்லது சூடு மிகுந்து ஈஸ்ட் செத்திருக்கும்.

ஆக்சிஜன் இல்லாத ஈஸ்ட் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 2 ஏடிபி (செல் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு) மட்டுமே எடுத்து, ஆல்கஹாலை விடுகிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சுமார் 30 கிடைக்கும். கபடியில் மூச்சடக்கிப் பாடும்போது தசைச் செல்லும் 2 ஏடிபி வழிக்குப் போகும். ஆனால் அங்கே வருவது லாக்டிக் அமிலம், வாயு இல்லை. முதிர்ந்த சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, ஆயுசு முழுக்க அந்த 2தான்.

பதநீர்க் கலயத்தில் தடவுவதுபோல் சுண்ணாம்பைக் கரைசலிலேயே போட்டுச் சோதிக்காதீர்கள். குமிழி நிற்கும், ஆனால் ஈஸ்ட் அடங்கியதாலா, சுண்ணாம்பே வாயுவை உறிஞ்சியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.