மலையில் சபதம் எடுக்காதீர்கள்

ஞாயிறு காலைகளில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப் பக்கமோ நன்மங்கலம் காட்டோரமோ சிலரைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வழக்கம். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பறவைகள் மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. சிகரெட்டை விட வேண்டும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது குறைய வேண்டும், ராத்திரி போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்க வேண்டும் என்று ஆளுக்கொரு வேண்டுதல். மரம் மட்டை நடுவே கொஞ்ச நேரம் இருந்தால் மனசு மாறும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். சொன்னது சரிதான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அதே பள்ளங்களில் விழுகிறார்கள். பாதிப் பள்ளங்கள் எனக்கும் பழக்கமானவைதான்.

தண்ணீர் கொண்டு போங்கள், குப்பை போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். அந்தப் பள்ளங்கள் மட்டும் இதோ.

சாமான் வாங்குவது

காலில் கிடக்கும் செருப்பே போதும்.

ஊட்டிக்குப் போய்த் திருந்துவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். செலவும் இதில்தான் அதிகம்.

"வாழ்க்கையை மாற்றப் போகிறேன்" என்று முடிவெடுத்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை லீவு போடுவது. வண்டி, ரிசார்ட், டோல், சாப்பாடு என்று ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். ஊட்டி, கொடைக்கானல் நெரிசல் தாங்காமல் உயர் நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் ஏற முடியாது என்றாகிவிட்டது. தனிமை தேடிப் போகிறவர் மலைப்பாதையில் முன்னால் நிற்கும் வேனின் புகையைத்தான் முதலில் மூச்சில் இழுக்கிறார். சரி, எப்படியோ மேலே போயாயிற்று. மறுநாள் காலை பனி, பள்ளத்தாக்கு, கையில் சூடான டீ. அங்கே ஒரு சபதம்.

துரைப்பாக்கத்தில் ஐடி வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் கொடைக்கானலில் இப்படித்தான் சிகரெட்டை விட்டார். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "அண்ணா, அங்கே இருந்தவரைக்கும் ஒன்றுகூடத் தொடலை. தோணவே இல்லைண்ணா" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல ஆபீஸ் வாசல் டீக்கடைக்குப் போயிருக்கிறார். அதே கண்ணாடி டம்ளர், அதே இரண்டு நண்பர்கள். கடைக்காரர் டீயை நீட்டிய கையோடு, கேட்காமலே பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டிவிட்டார். வாங்கிப் பற்றவைத்துப் பாதி இழுத்த பிறகுதான் தம்பிக்குச் சபதம் நினைவுக்கு வந்ததாம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியுமா? வாடிக்கையாளர் கேட்கும் முன்பே அவருக்கு வேண்டியதைத் தெரிந்து வைத்திருப்பதுதானே வியாபாரம்.

கொடைக்கானலில் தோன்றவே இல்லை என்றாரே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பழக்கம் என்பது நேரம், இடம், கூட இருக்கும் ஆள், கையிலிருக்கும் டம்ளர் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது. மலையில் அவை எதுவும் இல்லை, அதனால் ஆசையும் எட்டிப் பார்க்கவில்லை. மனிதர் மாறியதாக இதற்கு அர்த்தமில்லை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். அதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். பழக்கத்தைத் தூண்டிய இடமும் சூழலும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது அதில் முக்கியமானது. நம் கதை தலைகீழ். நம்மைத் தூண்டும் இடம் வீட்டிலும் ஆபீஸ் வாசலிலும் இருக்கிறது. நாம் அதை விட்டு மூன்று நாள் ஓடிப்போய், பிறகு நேராக அதற்குள்ளேயே திரும்பி வருகிறோம்.

"வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பச்சையில் இருந்தால் போதுமாமே, ஒரே மூச்சில் முடித்துவிடலாமே" என்று சிலர் கணக்கோடு வருவார்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து 2019இல் வந்த ஆய்வு அது. வாரத்தில் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே தடவையா, பல துண்டுகளா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே போனதால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் வெளியே போனார்களா என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அது இருக்கட்டும். தெம்பு வருவதற்கு ஒரே மூச்சு சரிப்படலாம், ஒட்டிய பழக்கத்தைப் பெயர்க்க அது உதவாது. அதற்கு அதே நேரத்தில், அதே இடத்தில், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஒரு நாள் தவறியதும் "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்தத் தம்பியின் ஆபீஸ் பின்பக்கம், வண்டி நிறுத்தும் இடத்தில், ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. ஐந்து மணி டீயைக் காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு அங்கே போகச் சொன்னேன். முதல் வாரம் முணுமுணுத்தார், கொசு என்றார். அப்புறம் ஒரு நாள் அவரே போன் செய்து, வெயில் தாழத் தாழ இலைகள் ஜோடி ஜோடியாக மடங்குவதையும், உச்சிக் கிளையில் குக்குறுவான் 'டொக், டொக்' என்று தட்டுவதுபோல் கூவும்போது ஒவ்வொரு தட்டுக்கும் தலையை ஆட்டுவதையும் சொன்னார். முழுக்க விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் கூடினால் உண்டு. ஆனால் ஐந்து மணி சிகரெட் போய்விட்டது.

அப்படியானால் ஊட்டிக்கே போகக் கூடாதா? தாராளமாகப் போங்கள், வர்க்கி வாங்கி வாருங்கள். சபதம் மட்டும் வேண்டாம்.

காதில் பாட்டு

கழற்றி வையுங்கள்.

நடந்தபடியே தன்னை ஆராய்வது

'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று மரத்தடியில் நின்று யோசிப்பவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பார்வை தரையில் இருக்கும். அதை வீட்டுக் கட்டிலில் படுத்தும் செய்யலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2015இல் வெளியான சோதனை ஒன்றில், 38 பேரில் ஒரு பாதியைப் புல்வெளிப் பக்கமும் மறுபாதியைப் போக்குவரத்து மிகுந்த சாலையிலும் 90 நிமிடம் நடக்க விட்டார்கள். புல்வெளியில் நடந்தவர்களுக்குத்தான் தன்னைப் பற்றியே அசைபோடும் எண்ணம் குறைந்திருந்தது. ஆகவே வெளியே பாருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறுவதைப் பாருங்கள். எத்தனை என்று எண்ண வேண்டாம். ஆபீஸ் டார்கெட்டிலிருந்து தப்பித்து வந்தவர்தான் மூன்றாவது வாரத்தில், "நேற்று எத்தனை இனம் பார்த்தீங்க?" என்று பக்கத்து ஆளோடு போட்டிக்கு நிற்கிறார்.

கத்திரி வெயிலில் தொடங்குவது

மே மாதத்தில் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் வேர்க்குரு, நான்காம் நாள் தலைவலி, ஐந்தாம் நாள் வீடு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் தொடங்குங்கள். ஏரிகளில் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவைகளும் வந்திறங்கியிருக்கும். மார்கழிப் பனியில் எழுவதுதான் கஷ்டம், எழுந்துவிட்டால் திரும்பிப் போக மனசு வராது. பங்குனி வெயில் வருவதற்குள் கால்களுக்குப் பழகிவிடும்.

"தனியாகப் போங்கள், அதுதான் சுகம்" என்பது

இந்த அறிவுரையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரையில் விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு பெண் தனியாக நிற்பதில் என்ன சுகம் இருக்கும் என்று எங்கள் நடையில் வரும் அக்கா ஒருவர் கேட்டார், என்னிடம் பதிலில்லை. இரண்டு பேராகப் போங்கள், பேசாமல் நடந்தால் போயிற்று. மொட்டை மாடித் தொட்டிச் செடியில் தேன்சிட்டு வருமென்றால் அதுவும் கணக்கில் சேர்த்தி.

முதல் அடியே மலையேற்றம்

குரங்கணி, 2018 மார்ச்: காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்துபோனார்கள். வனத்துறை அனுமதியில்லாத பாதையில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

மாத்திரையை நிறுத்துவது

நடக்க ஆரம்பித்த தெம்பில் மனநல மருத்துவர் கொடுத்ததை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறவர்கள் உண்டு. நிறுத்துவதோ குறைப்பதோ எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்ல வேண்டியது. பகலும் இரவும் மனசு கனத்தே கிடக்கிறது, யாரிடம் பேசுவதென்று தெரியவில்லை என்றால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.