ஒரு கோடா, பெருக்கல் குறியா?

வண்டியை ஓரங்கட்டும் முன் நீல வட்டப் பலகையில் சிவப்புக் கோடு எத்தனை என்று பாருங்கள். குறுக்கே ஒரே கோடு என்றால் 'நிறுத்திவிட்டுப் போகாதே'. பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு என்றால் 'நிற்கவே நிற்காதே'.

சட்டத்தில் பார்க்கிங் வேறு, ஆளை இறக்கிவிட ஒரு நிமிடம் நிற்பது வேறு. அதனால் ஒற்றைக் கோடு உள்ள இடத்தில், நீங்கள் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் பின்னால் இருப்பவரைப் பையோடு இறக்கிவிட்டுக் கிளம்பலாம். தீபாவளி நேரத்தில் கோவையின் கடைவீதிகளான ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு பக்கம் போகிறவர்களுக்கு இது ரொம்பவே உதவும். ஸ்டாண்டு போட்டுவிட்டு 'ரெண்டே நிமிசம்ங்க' என்று கடைக்குள் போனால் அது பார்க்கிங்தான். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் போனாலும் அதே கதைதான்! அப்புறம், பலகைக்குக் கீழே அம்புக்குறி இருந்தால் தடை எந்தப் பக்கம் என்பதை அது சொல்லும். மறுபக்கம் இடம் கிடைக்கலாம்.

பஸ் ஸ்டாப், ஜீப்ரா கோடு, நடைபாதை, சிக்னல் முனை ஆகிய இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது; அங்கே பலகையே இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. போலீஸ்காரர் கையைக் காட்டி நகரச் சொன்னாலும், பலகையைக் காட்டி வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள்.